பழைய மெசி 135இல் ஜொய்ஸ்டிக் வால்வு: உள்பம்ப் போதுமா?

கேள்வி. 2025 மார்ச் 3, சம்மாந்துறை

எங்களிடம் இருப்பது வாப்பா காலத்து மெசி பேர்குசன் 135 உழவு மெசின். முன்னால் மண், எரு அள்ளித் தூக்கும் பக்கெட் உள்ள லோடர் பூட்டியிருக்கிறது. இப்போது இருப்பது இரண்டு லீவர் உள்ள பழைய ஹைட்ரோலிக் வால்வு, இரண்டிலும் ஒயில் கசிகிறது. அதைக் கழற்றிவிட்டு ஒரே கைப்பிடியில் தூக்கவும் கவிழ்க்கவும் முடிகிற ஜொய்ஸ்டிக் வால்வு போட நினைக்கிறேன். மெசினுக்குள் இருக்கும் பம்பே போதும், வெளியே இன்னொரு பம்ப் வைப்பது வீண் செலவு என்பது என் எண்ணம். பிழை என்றால் சொல்லுங்கள் அண்ணன்மார். பின்னால் இழுக்கும் பெட்டியைத் தூக்கும் ஜக்கையும் அதே வால்வோடு சேர்த்து ஓட்டலாமா?

2025 மார்ச் 3, இரவு

போதும் தம்பி. நான் இரண்டு போகம் உள்பம்பில்தான் ஓட்டினேன். ஆனால் அந்தப் பம்பின் குணம் தெரியாமல் வால்வை வாங்கிவிடாதீர்கள்.

135இன் உள்பம்ப் நாலு பிஸ்டன் உள்ளது, மெசினின் பின்பக்கக் கியர் ஒயிலுக்குள் மூழ்கிக் கிடக்கும். அதன் கட்டுப்பாடு ஒயிலை உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. பின்னால் கலப்பை தூக்கும் லிஃப்ற் கைகள் வேண்டிய உயரத்துக்கு வந்தவுடன் உறிஞ்சும் வாசலை அடைத்துவிடும். பிஸ்டன் ஓடிக்கொண்டே இருக்கும், ஒயில் மட்டும் வராது. கடைகளில் கிடைக்கும் ஜொய்ஸ்டிக் வால்வில் பெரும்பாலானவை ஓப்பன் சென்டர் வகை. கைப்பிடி நடுவில் நிற்கும்போதும் ஒயில் ஒரு வாசலால் வந்து மறு வாசலால் டாங்கிக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று செய்யப்பட்டவை. இரண்டையும் அப்படியே இணைத்தால் கைப்பிடியை இழுக்கும்போது ஒன்றுமே நடக்காது. லிஃப்ற் லீவரை எப்போதும் பம்ப் செய்கிற கடைசி இடத்தில் வைத்தால்தான் ஒயில் சுற்றும். அப்படி வைத்தவுடன் பின் கைகள் முதலில் எழும்பும். ஆகவே சீற்றுக்குப் பக்கத்தில் லிஃப்ற் மூடியின் மேல், ஒயிலை வெளியே திருப்பி விடுகிற டைவேட்டர் கட்டையும் வேண்டும்.

இவ்வளவும் செய்தால் லோடர் வேலை செய்யும்.

மார்ச் 4, காலை

நேற்று எழுதியதில் பெரிய விடயம் ஒன்றை விட்டுவிட்டேன். படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

கிளச்.

உள்பம்ப் ஓடுவது, பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில். உங்கள் 135 ஒற்றைக் கிளச் என்றால் கிளச்சை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் பம்ப் நின்றுவிடும். இரட்டைக் கிளச் என்றால் பாதி வரை மிதிக்கலாம், முழுதாக மிதித்தால் அதுவும் நிற்கும். லோடர் வேலையே முன்னால் போ, பின்னால் வா, கிளச்சை மிதி என்பதுதான். எருக்குவியலுக்குள் பக்கெட்டைக் குத்தி, கிளச்சை மிதித்து, அதே நேரத்தில் தூக்கப் பார்த்தால் லோடர் கை அசையாது. காலை எடுத்தால் மெசின் முன்னால் தள்ளும். இரண்டு போகம் இதோடு மல்லுக்கட்டி எனக்கு இடது முழங்கால் வீங்கியது. "போதும்" என்று நேற்று எழுதியது அவசரம். ஓடும், ஆனால் மனிதன் களைத்துப் போவான்.

மார்ச் 4, மதியம்

கணக்கும் போட்டுப் பார்த்தேன். என் லோடரில் தூக்கும் சிலிண்டர் இரண்டு. உள்விட்டம் 63 மில்லிமீற்றர், நீளம் 500 மில்லிமீற்றர். ஒன்று நிரம்ப 1.56 லீற்றர், இரண்டுக்கும் 3.1 லீற்றர். நல்ல நிலையில் உள்ள உள்பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 15 லீற்றர் தரும் என்று வைத்தால் தரையிலிருந்து உச்சிக்கு 12 விநாடிக்கு மேல். தேய்ந்த பம்ப் என்றால் இன்னும் கூட. நிமிடத்துக்கு 30 லீற்றர் தருகிற வெளிப்பம்ப் வைத்தால் 6 விநாடி. ஒரு பெட்டி எரு ஏற்ற 25 தடவை தூக்கினால் வித்தியாசம் 2 நிமிடம் 30 விநாடி. ஒரு பெட்டிக்கு அது பெரிதில்லை, நாளுக்கு 20 பெட்டிக்குப் பெரிது.

மார்ச் 9

லோடர் எதற்கு, ஜேசிபியை மணிக்கணக்குக்குப் பிடித்தால் முடிந்ததே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் படுவான்கரை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்திய அந்தப் பெரும்போகத்துக்கு ஊரில் எல்லோரும் மாட்டெரு தேடி அலைந்தோம். பட்டிக்காரரிடம் எரு இருந்தது, ஏற்ற ஆள் இல்லை. ஜேசிபி ஒரு பெட்டி எருவுக்காக வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) வராது. நானும் மகனும் மண்வெட்டியால் ஏற்றினோம், முதுகு போனது. அடுத்த வருடம் டீசல் வரிசையில் நின்ற நாட்களில்தான் இந்தப் பழைய லோடர் சட்டத்தைச் செங்கலடியில் ஒரு பற்றைக்குள் கண்டேன். புது மெசின் வாங்குகிற காலமாகவும் அது இல்லை.

எங்கள் 135க்கும் ஒரு கதை உண்டு. அப்பா 1977இல் இரண்டாம் கையாக வாங்கியது. 1978 நவம்பர் 23 சூறாவளி இரவில் தென்னை ஒன்று சாய்ந்து வலது மட்காட்டில் விழுந்தது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, நான் தட்டி எடுக்கவில்லை. ஜொய்ஸ்டிக்குக்கு இடம் தேடியபோது அந்தப் பள்ளத்துக்கு மேலேதான் கை இயல்பாகப் போய் நின்றது. வால்வு இப்போது அங்கேதான் இருக்கிறது.

மார்ச் 16

வாங்கும்போது கவனிக்க வேண்டியது புரி. என் வால்வின் வாசல்கள் அரை அங்குல பி.எஸ்.பி., அதாவது பிரித்தானியக் குழாய்ப் புரி. கடையில் தந்த இணைப்புகளில் இரண்டு என்.பி.டி., அது அமெரிக்கக் குழாய்ப் புரி. இரண்டிலும் அங்குலத்துக்கு 14 புரி, அதனால் கையால் சுற்றும்போது மூன்று நாலு சுற்று அழகாக ஏறும். புரியின் கோணம் வேறு: ஒன்று 55 பாகை, மற்றது 60. அதோடு என்.பி.டி. கூம்பு வடிவம். சாவியால் இறுக்கினால் வார்ப்பிரும்பு உடல் வெடிக்கும், இறுக்காவிட்டால் ஒழுகும். எனக்கு ஒழுகியது, நல்ல வேளை வெடிக்கவில்லை. புரி அளக்கும் சீப்பு ஒன்றை இரவல் வாங்கியாவது பாருங்கள்.

பி.எஸ்.பி. நேர்ப்புரிக்கு நடுவில் றபர் ஒட்டிய இரும்பு வாசர் வரும். அதுதான் அடைப்பு, புரி அல்ல.

அழுத்தத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அழுத்தம் மிஞ்சினால் ஒயிலைத் திறந்து விட வால்வுக்குள் இருக்கும் ரிலீஃப் கடையிலேயே செற் பண்ணித்தான் வரும்.

மார்ச் 17

வெள்ளை நூல்நாடா சுற்றலாமா என்று கேட்டவருக்கு: தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுங்கள். ஹைட்ரோலிக்கில் வேண்டாம். பிய்ந்த துணுக்கு, கைப்பிடியோடு வால்வுக்குள் அசையும் உள்தண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் வால்வு முழுவதையும் கழற்ற வேண்டி வரும்.

ஏப்ரல் 6

பெருநாள் முடிந்த கையோடு தம்பி வால்வு வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். வெளிப்பம்பும் வைப்பதாக முடிவு. சந்தோஷம். இப்போது வால்விலிருந்து ஒயில் டாங்கிக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸ் பற்றி எழுத வேண்டும். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

வால்வுக்கு ஒயில் வரும் ஹோஸை எல்லோரும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். போகிற ஹோஸை மிஞ்சிய துண்டால் சமாளிப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். லோடரை இலகுவாகக் கழற்றிப் பூட்ட வேண்டும் என்று எல்லா ஹோஸிலும் தள்ளிப் பூட்டும் கப்ளர் போட்டேன், ரிட்டர்னிலும் போட்டேன். ஒரு நாள் காலை வாய்க்கால் கட்டு உடைந்ததை மூட அவசரமாக லோடரைப் பூட்டினேன். ரிட்டர்ன் கப்ளர் ஒரு நூல் அளவு உள்ளே போகவில்லை. பார்வைக்குப் பூட்டியது போலத்தான் இருந்தது. கப்ளருக்குள் ஒரு குண்டு உண்டு, முழுதாகத் தள்ளாவிட்டால் அது வழியை அடைத்து நிற்கும்.

ஸ்டார்ட் பண்ணினேன். எஞ்சின் ஒரு முறை முக்கியது. கைப்பிடியின் அடியில் இருந்து "பிஸ்" என்று ஒரு சத்தம். உள்தண்டு வெளியே வரும் இடத்தில் ஓ-றிங் பிதுங்கி, கறுப்பு நூல் மாதிரித் தொங்கியது. சூடேறாத ஒயில், காலில் சாரத்தோடு ஒட்டிக்கொண்டது. மகன் ஓடி வந்து எஞ்சினை இழுத்து நிறுத்தினான்.

ரிலீஃப் இருக்கிறதே, அது ஏன் காப்பாற்றவில்லை என்று இரண்டு நாள் யோசித்தேன். வால்வின் ரிலீஃப் மிஞ்சிய அழுத்தத்தை எங்கே விடும்? அதே ரிட்டர்ன் வாசலுக்குத்தான். அந்த வழியே அடைபட்டிருந்தால் ரிலீஃப் திறந்தும் பயனில்லை. அழுத்தம் தாங்காத பக்கம் முழுவதும் நிரம்பி, எது பலவீனமோ அது உடையும். எனக்கு ஓ-றிங் போனது. இன்னொருவருக்கு உடலே பிளக்கலாம்.

அதனால் ரிட்டர்னில் கப்ளர் வேண்டாம், மூடித் திறக்கும் டெப் வேண்டாம், மடிப்பு வேண்டாம். முக்கால் அங்குலத்துக்குக் குறையாத ஹோஸ், நேரே டாங்கிக்கு, ஒயில் மட்டத்துக்குக் கீழே போய் முடிய வேண்டும். மேலே முடிந்தால் ஒயில் விழுந்து நுரைக்கும்.

ஏப்ரல் 7

பெட்டி தூக்கும் ஜக் பற்றிய கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை, மன்னிக்க வேண்டும்.

ஓட்டலாம். ஆனால் ரிட்டர்ன் வாசலில் இருந்து ஒயிலை எடுத்துப் பெட்டி வால்வுக்குக் கொடுக்கக் கூடாது. காரணம் நேற்று எழுதியதுதான். பெட்டி பாரத்தோடு எழும்பும்போது அந்த வாசலில் முழு அழுத்தமும் ஏறும், அந்தப் பக்கம் அதற்காகச் செய்யப்படவில்லை. பவர் பியொண்ட் என்ற ஒரு குழல் தனியாக விற்கும். அதைப் போட்டால் மிஞ்சிய ஒயில் ஒரு வாசலால் அடுத்த வால்வுக்கும், சிலிண்டர்களில் இருந்து திரும்பும் ஒயிலும் ரிலீஃப் விடும் ஒயிலும் இன்னொரு வாசலால் டாங்கிக்கும் போகும். வாங்கும்போதே அந்த வசதி உள்ள வால்வா என்று கேளுங்கள், எல்லாவற்றிலும் இல்லை.

ஏப்ரல் 20

வெளிப்பம்ப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நான் வைத்தது ஒரு சுற்றுக்கு 20 கன சென்ரிமீற்றர் தரும் பல்லுப் பம்ப், எஞ்சினின் முன்னால் பெல்ட் ஓடும் புலியோடு நேர் இணைப்பு. 1500 சுற்றில் 30 லீற்றர், தேய்மானம் கழித்தால் கொஞ்சம் குறைவு. புலியில் கடைந்த தட்டு, நடுவில் றபர் பூ, பிறகு பம்ப். தட்டைக் கல்லடியில் லேத்காரர் ஒருவர் கடைந்து தந்தார். மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததால் அரை நாளில் போய்வர முடிந்தது. வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றிப் போன காலமாக இருந்தால் ஒரு தட்டுக்கு ஒரு நாள் போயிருக்கும்.

டாங்கி 40 லீற்றர், லோடர் சட்டத்தின் பக்கத்தில். 68ஆம் இலக்க ஹைட்ரோலிக் ஒயில். உறிஞ்சும் ஹோஸ் ஒரு அங்குலம், உள்ளே கம்பிச்சுருள் உள்ளது. சாதாரண ஹோஸ் வெயிலில் இளகி உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும், பம்ப் கூழாங்கல் போட்ட பேணி மாதிரிச் சத்தம் போடும்.

தனி டாங்கியில் இன்னொரு நிம்மதி: வயல் சேற்றில் நனைந்த சிலிண்டர் தண்டோடு உள்ளே போகும் தண்ணீரும் மண்ணும் கியர் ஒயிலுக்குள் போவதில்லை. அப்புறம் பின் லிஃப்ற்றும் விடுதலை ஆகிவிட்டது.

ஏப்ரல் 27

தம்பி படத்தோடு எழுதியிருக்கிறார்: வால்வைப் பூட்டியதும் கைப்பிடி இறுகிவிட்டது, இழுத்தால் நடுவுக்குத் திரும்பி வருவதில்லை, வால்வு பழுது, கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

கொடுக்க வேண்டாம். முதலில் மூன்று போல்ட்டில் ஒன்றை அரைச் சுற்று இளக்கிப் பாருங்கள். எனக்கும் இதே நடந்தது. வெல்டிங் பண்ணிய தட்டு சூட்டில் ஒரு மில்லிமீற்றர் முறுகியிருந்தது. அதன் மேல் வால்வை வைத்து இறுக்கியதும் வால்வின் உடலும் தட்டோடு சேர்ந்து முறுகியது. உள்தண்டுக்கும் துளைக்கும் இடைவெளி தலைமயிரை விடக் குறைவு. போல்ட்டை இளக்கினேன், கைப்பிடி "டிக்" என்று தானாக நடுவுக்கு வந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இரண்டு தடவை இறுக்கி இளக்கிப் பார்த்தேன். பிறகு அந்த மூலைக்கு மெல்லிய வாசர் ஒன்று வெட்டி வைத்தேன். மூன்று வருடமாகப் பிரச்சினை இல்லை.

ஏப்ரல் 27, பின்னேரம்

"அண்ணன், வாசர்தான்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. நல்லது!

மே 11

கைப்பிடியின் திசை. பின்னால் இழுத்தால் தூக்க வேண்டும், முன்னால் தள்ளினால் இறங்க வேண்டும், இடதுக்குப் பக்கெட் மடங்க வேண்டும், வலதுக்குக் கவிழ வேண்டும். மாறி இருந்தால் "பழகிவிடும்" என்று விடாதீர்கள். அந்தச் சிலிண்டரின் இரண்டு ஹோஸையும் இடம் மாற்றினால் சரியாகும். நான் நாலு ஹோஸுக்கும் நாலு நிற நாடா சுற்றியிருக்கிறேன், வால்விலும் அதே நிறம்.

முன்னால் இறக்கும் நிலைக்கும் அப்பால் இன்னும் தள்ளினால் ஒரு பூட்டில் விழுந்து நிற்கும். அது மிதவை நிலை. சிலிண்டரின் இரண்டு பக்கமும் டாங்கிக்குத் திறந்துவிடும், பக்கெட் தன் பாரத்தில் நிலத்தோடு ஏறி இறங்கிப் போகும். களம் சுரண்ட, பாதை நிரவ இதைப் போல் சுகமில்லை. ஆனால் பக்கெட் மேலே நிற்கும்போது கை தவறி அந்தப் பூட்டில் விழுந்தால் தடுக்க எதுவும் இல்லை, லோடர் கை அப்படியே விழும். தூக்கிய பக்கெட்டின் கீழே யாரையும் விடாதீர்கள், பிள்ளைகளை முக்கியமாக. எங்கள் வீட்டில் எஞ்சினை நிறுத்தினால் பக்கெட் நிலத்தில் இருக்க வேண்டும். பேரப்பிள்ளைக்கும் அது தெரியும், நான் மறந்தால் அவள் வந்து சொல்வாள்.

ஜூன் 1

மார்ச் 16இல் எழுதிய கடைசி வரி பிழை. ரிலீஃப் கடையிலேயே செற் பண்ணித்தான் வரும், பயப்பட வேண்டாம் என்று எழுதினேன். அதை நம்பி யாராவது இருந்தால் தயவுசெய்து அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பாருங்கள். நான் போன வாரம்தான் இரவல் கேஜ் வைத்துப் பார்த்தேன். 175 பார் காட்டியது. என் லோடர் சட்டத்துக்கு 140 போதும். 63 மில்லிமீற்றர் சிலிண்டர் 140 பாரில் சுமார் நாலரை தொன் தள்ளும், 175இல் ஐந்தரைக்கு மேல். லோடரின் இடது கையில் இணைப்பு ஊசி போகும் ஓட்டை நீளமாகிக் கிடப்பதன் காரணம் இப்போதுதான் புரிந்தது.

செய்யும் விதம்: ஒயில் கொஞ்சம் சூடாகட்டும். பக்கெட்டை முழுதாக மடக்கி, கைப்பிடியை அதே பக்கம் இரண்டு மூன்று விநாடி மட்டும் பிடியுங்கள், கேஜைப் பாருங்கள், விடுங்கள். பூட்டு நட்டை இளக்கித் திருகைக் கால் சுற்று வெளியே எடுங்கள். மறுபடி பாருங்கள். நீண்ட நேரம் பிடித்தால் ஒயில் கொதிக்கும்.

கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளையில் இருந்து வரும் ஒயில் தோலுக்குள் போகும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இது சத்திரசிகிச்சை தேவைப்படும் காயம்.

ஜூலை 13

பின் பாரம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். பக்கெட் நிரம்பினால் முன் அச்சில் பாரம் ஏறும், பின் சில்லு இலேசாகும். 135இன் ஸ்டியரிங் கைப்பலத்தில் ஓடுவது, முன்பாரத்தில் தோள் கழன்று போகும். பிரேக் பின் சில்லில்தான் இருக்கிறது என்பதையும் நினையுங்கள். 210 லீற்றர் பரலைப் பாதியாக வெட்டி, கொங்கிறீற் நிரப்பி, மூன்று முனை இணைப்பில் பூட்டியிருக்கிறேன். 250 கிலோ வரும். உள்பம்பில் லோடரை ஓட்டியிருந்தால் இதைத் தூக்கி இறக்க ஒவ்வொரு முறையும் டைவேட்டரைத் திருப்ப வேண்டியிருக்கும்.

ஓகஸ்ட் 24

சிறுபோக வெட்டு முடிந்தது. தம்பி எழுதியிருக்கிறார்: ஆறு விநாடியில் தூக்குகிறது, வெட்டு மெசின் விட்ட வைக்கோலையும் வாய்க்கால் மண்ணையும் ஏற்றிவிட்டார், முழங்கால் வலி இல்லை. ஒரே குறை, பாரத்தோடு பாதியில் நிறுத்தி மறுபடி தூக்கும்போது லோடர் கை முதலில் கொஞ்சம் இறங்கிப் பிறகு எழும்புகிறதாம்.

அது பம்பின் குறை இல்லை. வால்வுக்குள் பாரம் பின்னால் ஓடாமல் பிடிக்கும் சிறு செக் வால்வு உண்டு. அதன் இருக்கையில் தூசி ஒட்டியிருக்கும். மூடித் திருகைக் கழற்றி, குண்டையும் சுருளையும் டீசலில் கழுவிப் போடுங்கள். கழற்றும் முன் பக்கெட் நிலத்தில், எஞ்சின் நிறுத்தம், கைப்பிடியை நாலு பக்கமும் அசைத்து அழுத்தத்தை விட்ட பிறகு.

ஓகஸ்ட் 24, இரவு

தம்பி, நீங்கள் போட்ட இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீல நாடா சுற்றிய ஹோஸ்தானே ரிட்டர்ன்? டாங்கிக்குப் பக்கத்தில் அதில் ஒரு கப்ளர் தெரிகிறது. நாளைக்கு ஸ்டார்ட் பண்ணும் முன் அதைக் கழற்றி நேர் இணைப்புப் போடுங்கள். முக்கால் அங்குல நேர் இணைப்பு என்னிடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. கல்முனை பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன்.